டாம்பரினுக்கு என்ன அறிமுகம்

அந்த உறைக்குள்ள இருக்கறது கிடார்தானேம்மா? நெனச்சேன். மேல தட்டுல போட்டுராத, மடியிலயே வச்சுக்க. இந்த மணப்பாறை ரோட்டுல பஸ் குதிக்கற குதிக்கு நம்ம எலும்பு ஒடைஞ்சாலும் ஒட்ட வச்சுக்கலாம். அது ஒடைஞ்சா ஒட்டாது. நானும் கச்சேரிக்காரன்தான், அதான் சொல்றேன்.

என் குரலக் கேட்டுப் பயந்துராத. சளி இல்ல, ஒட்டிக்காது. தொண்டைக்குள்ள கட்டி. வர்ற திங்கக்கிழமை குரல்வளையவே எடுத்துர்றாங்க. அதுவரைக்கும் பேச்சக் கொறைங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கொறைச்சு? மிச்சம் பிடிச்சு யாருக்கு எழுதி வைக்கப் போறேன்? இன்னைக்கு யார்கிட்டயாவது பேசலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்மா. நீ பக்கத்துல உக்காந்துட்ட. உன் நேரம்.

நீ பேண்டுல இருக்கியா? அஞ்சு பேரா, நல்லது. பாடறது யாரு? எல்லாருமா? மாத்தி மாத்தியா! ஏம்மா, அப்படி நடத்துனா ஒரு குழு நிக்குமா? ஜனம் யாரப் பாக்கும்? குழுன்னா ஒரு குரல் வேணும்மா. எங்க குழுவுக்கு அது நான்தான். அமல்தாஸ் இன்னிசைத் தென்றல், பொன்மலை. அமல்தாஸ் நான். உனக்குத் தெரிய வயசு பத்தாது, வீட்டுல பெரியவங்களக் கேட்டுப் பாரு. திருச்சியச் சுத்தி நாங்க பாடாம ஒரு கல்யாண ரிசப்ஷன் நடந்ததில்ல. கொஞ்சம் கூட்டித்தான் சொல்றேன், இருந்தாலும் உண்மைதான்.

நாங்க எல்லாரும் ரயில்வே காலனி. யாரும் ஒழுங்கா உக்காந்து சங்கீதம் படிச்சவங்க இல்ல. ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு வாசல் வழியா வந்தான். நான் பங்குக் கோயில்ல பூசைப் பாட்டு பாடி வந்தவன். ஃபாதர் ஒரு நாள் என்னைய முன் வரிசையில நிக்கச் சொன்னாரு, அதுக்கப்புறம் நான் பின்னாடி போனதே கெடையாது. அக்கார்டியன் டெரன்ஸ் ஆங்கிலோ இந்தியன், எஞ்சின் டிரைவர் மகன். அவங்கப்பா கிளப்புல டான்சுக்கு வாசிச்ச பொட்டிய இவன் தூக்கிட்டு வந்தான். இவனுக்குத் தமிழ்ல ஒழுங்காத் திட்டத் தெரியாது, ஆனா தமிழ்ப் பாட்டு வாசிச்சான்னா ஒரு எழுத்து பிசகாது. தபேலா காதர் மொய்தீன். அவங்க அத்தா தர்கா கந்தூரியில பாடற கூட்டத்துக்குக் கொட்டு அடிச்சவரு. காதர் தூங்கறப்பக்கூட வெரல் ஓடும்னு அவன் சம்சாரம் சொல்லும்.

அப்புறம் குணசீலன்.

அவன் இந்த மணப்பாறைப் பக்கம்தான். ஒர்க்‌ஷாப் கேண்டீன்ல வேலைக்கு வந்தவன். அவங்கம்மா எழவு வீட்டுல ஒப்பாரி பாடறவங்க. இவனைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டே பாடுவாங்களாம். அழுகையோட உச்சி எங்க இருக்குன்னு இவனுக்குச் சின்னதுலயே தெரிஞ்சு போச்சு. வேற யார்கிட்டயும் இவன் எதுவும் கத்துக்கல.

மொதமொதல்ல டெரன்ஸ் வீட்டு வராண்டாவுல வந்து நின்னான், சேத்துக்கங்கண்ணேன்னு. சரி, ஒண்ணு எடுத்து விடுன்னேன். ஒரு ஆம்பளப் பாட்டு ஆரம்பிச்சான். ரெண்டு அடிகூட ஆகல, நான் கையக் காட்டிட்டேன். "தம்பி, அதுக்குத்தான் நான் இருக்கேன். மேல எட்டுமா பாரு"ன்னேன். முழிச்சான். அப்புறம் கண்ண மூடிக்கிட்டு ஒரு பொம்பளக் குரல் எடுத்தான் பாரு. டெரன்ஸ் பொட்டியக் கீழ வச்சுட்டான். காதர் உள்ள யாரு பாடறதுன்னு கதவத் தொறந்து எட்டிப் பாத்தான். அப்பல்லாம் எங்க ஊர்ல பொண்ணுங்கள மேடைக்கு அனுப்ப மாட்டாங்க. டூயட்டுக்கு ஆள் இல்லாம நான் தனிப் பாட்டா பாடி ஓட்டிக்கிட்டு இருந்தேன். என் கஷ்டம் அன்னைக்குத் தீந்துச்சு.

குணசீலன்னு மேடையில சொன்னா எடுபடுமா? நான்தான் மிஸ் ஷீலான்னு பேரு வச்சேன். "அடுத்து வருகிறார் உங்கள் மிஸ் ஷீலா!"ன்னு சொல்லிட்டு நிறுத்துவேன். ஜனம் கழுத்த நீட்டும். மீசையோட இவன் வந்து நிப்பான். கூட்டம் கொல்லுனு சிரிக்கும். சிரிச்சு முடிக்கறதுக்குள்ள பாட ஆரம்பிப்பான், அப்படியே அடங்கிரும். அந்த அமைதிய நான் வேற எங்கயும் கேட்டதில்லம்மா.

ரொம்பப் பேரு கிண்டல் பண்ணுவாங்கதான். துறையூர்ப் பக்கம் ஒரு திருவிழாவுல எளவட்டப் பசங்க மேடைக்குக் கண்ணாடி வளையல் கொண்டாந்து குடுத்துட்டாங்க. நானும் விடுவேனா? மைக்குல, "ஷீலா, ரசிகர்கள் ஆசையா குடுத்திருக்காங்க, போட்டுக்க"ன்னேன். விசில் பறக்குது. போட்டுக்கிட்டுத்தான் பாடினான். ஆம்பளக் கைல பொம்பள வளையல் ஏறுமா? ஏத்தினது எறங்கல. கச்சேரி முடிஞ்சு காதர் சோப்புத் தண்ணி போட்டுக் கழட்டுனான், ரெண்டு ஒடைஞ்சு மணிக்கட்டக் கிழிச்சிருச்சு. காதர் என்னைய மொறைச்சான். இவனா, சிரிச்சுக்கிட்டுத்தாம்மா இருந்தான். அவன் அப்படித் தங்கமான பய, எதுக்கும் கோவிச்சுக்க மாட்டான்.

டூயட் பாடறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியும்ல? எதிர எதிர நின்னு பாடணும். நான் கொஞ்சம் மூச்சுக் கட்டை. வரி முடியற எடத்துல எனக்குக் காத்து தீந்துரும், கடைசி எழுத்து தொங்கும். அவனுக்கு அது என்னைவிட நல்லாத் தெரியும். என் மூச்சு தீர்ற எடத்துல அவன் வரிய ஒரு முடி முன்னாடியே எடுத்துருவான். கேக்கறவங்களுக்கு ரெண்டு குரலும் கலந்த மாதிரி இருக்கும். அமல்தாஸ் என்னமா இழையறாரும்பாங்க. என் சம்சாரம், ஆண்டவர் ஆத்துமாவுக்கு அமைதி குடுக்கட்டும், அவகூடச் சொல்லுவா, "நீங்க என்னைய அப்படி ஒரு நாளும் பாத்ததில்ல, அந்தத் தம்பியப் பாத்துக்கிட்டு பாடறீங்க"ன்னு. போடி பைத்தியக்காரி, பாட்டுக்குப் பாவம் வேணாமான்னு கேப்பேன்.

ஒருக்கா முசிறியில ஒரு கல்யாணம். எனக்குக் காய்ச்சல், தொண்ட கட்டிக்கிச்சு. இவன் வந்து, "அண்ணே, இன்னைக்கு ஒருநாள் ஆம்பளக் குரல நான் பாடட்டா? நீங்க உக்காந்துக்கங்க"ன்னான். பாசத்துல கேக்கறான். அதுக்காக விட முடியுமா? ஜனம் என் குரலுக்குத்தானே வருது? சுக்குத் தண்ணியக் குடிச்சுட்டு கரகரன்னு நானே பாடி முடிச்சேன். மேடைய மதிக்கணும்மா. நீங்க எல்லாம் மாத்தி மாத்திப் பாடறோம்ங்கறீங்க, எனக்கு அது ஆச்சரியமா இருக்கு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். கண்டக்டர் டிக்கெட் கேக்கறாரு, இரு. திருச்சி ஒண்ணு.

ஹேமலதான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. டெலிபோன் ஆபீஸ் சூப்பர்வைசர் மகள். முறைப்படி கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்ட பொண்ணு, காலேஜ்ல கப்பெல்லாம் வாங்கியிருக்கு. அவங்கப்பாவே கூட்டியாந்து, "பாதுகாப்பாப் பாத்துக்கங்க சார்"னு விட்டுட்டுப் போனாரு. என் குழுவுக்கு நெஜப் பொண்ணு! பட்டுப் பாவாடையும் தாவணியுமா மேடையில வந்து நின்னா, அந்தக் களையே வேற. பாட்டு கொஞ்சம் பாடமா ஒப்பிக்கற மாதிரி இருக்கும். போகப் போகச் சரியாயிரும்னு விட்டேன்.

குணசீலன் வந்து கேட்டான். "அப்ப நான் ஆம்பளக் குரல் பாடறேன்ணே. ரெண்டே ரெண்டு பாட்டு."

"ஒரு குழுவுக்கு ரெண்டு ஆம்பளக் குரல் எதுக்குடா? டாம்பரின் அடி. அதுவும் வாத்தியம்தானே"ன்னேன்.

சரிண்ணேன்னான். அவன் கையில டாம்பரினக் குடுத்தேன். யாரையும் வெளிய அனுப்பறவன் இல்லம்மா நான்.

உங்க பேண்டுல உண்டான்னு தெரியல, எங்க மேடையில ஒரு வழக்கம் உண்டு. கச்சேரி பாதியில குழுவ அறிமுகம் பண்றது. "அக்கார்டியன், டெரன்ஸ்!"னு சொன்னா டெரன்ஸ் ஒரு இழுப்பு இழுத்துக் காட்டுவான். "தபேலா, காதர் மொய்தீன்!"னா காதர் ஒரு சுத்து அடிச்சு முடிப்பான். பேரு சொன்னதும் கையில இருக்கறதக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டணும், ஜனம் கைதட்டணும். அதுதான் எங்களுக்கு மால, மரியாத எல்லாம். குணசீலனச் சொன்னா ஒரு ஆலாபனை இழுப்பான். அத இழுக்கறப்ப வீடியோக்காரன்கூடக் கேமராவ எறக்கிட்டுக் கேப்பான்.

லால்குடிப் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழா. ஹேமலதாவுக்கு அன்னைக்குத்தான் மொத மேடை. அவங்கப்பா மொத வரிசையில உக்காந்திருக்காரு. நான் வரிசையா டெரன்சச் சொன்னேன், காதரச் சொன்னேன். சொல்லிட்டு, "இதோ, எங்கள் குழுவின் முதல் பெண் குரல், செல்வி ஹேமலதா!"ன்னேன். கைதட்டல் அடங்க நேரமாச்சு. அந்தச் சூடு ஆறக் கூடாதுன்னு அடுத்த பாட்டுக்குப் போயிட்டேன்.

அவன் பேரச் சொல்லல. சொல்லலதான். டாம்பரினுக்கு என்னம்மா அறிமுகம்? ஜல் ஜல்னு ரெண்டு தட்டுத் தட்டறதுக்கா? அவன் டாம்பரினத் தலைக்கு மேல தூக்கி ரெடியா நின்னானாம். காதர்தான் அப்புறம் சொன்னான், "தூக்குன கைய எறக்கவே இல்ல அமல், நீ பல்லவி முடிக்கற வரைக்கும் அப்படியே நின்னான்"னு. நான் முன்னாடி பாத்து நிக்கறவன், முதுகுல கண்ணா இருக்கு?

அந்தப் பாட்டு முடிஞ்சு திரும்பிப் பாக்கறேன், நாற்காலி மேல டாம்பரின் இருக்கு. ஆளக் காணோம். தண்ணி குடிக்கப் போயிருப்பான்னு பாத்தேன். மறுநாள் கேண்டீன்லயும் இல்ல. ஒரு வார்த்த சொல்லல. சண்ட போட்டிருந்தா ஏத்துக்குவேன். சட்டையப் பிடிச்சு, ஏண்ணே இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டிருந்தா அந்த எடத்துலயே கட்டிப் பிடிச்சிருப்பேன். ஒண்ணுமே சொல்லாமப் போறது என்ன நியாயம்? நான் அவனுக்கு என்ன கொறை வச்சேன்? ஒரு பச்சப் பொண்ணு மேலயா பொறாம? எனக்கு ஆறல. அவன்தானே போனான், அவனே வரட்டும்னு இருந்துட்டேன்.

ஹேமலதா கல்யாணமாகி ரெண்டாவது வருஷமே பெங்களூர் போயிருச்சு. அப்புறம் யார் யாரோ வந்தாங்க. நல்லாத்தான் பாடுனாங்க. ஆனா என் மூச்சு தீர்ற எடத்துல எடுக்க ஆள் இல்ல. வரி தொங்கறது எல்லாருக்கும் கேட்டுச்சு. டெரன்ஸ் ஆஸ்திரேலியா போனான். காதர் மவுத் ஆயி, போய்ச் சேந்துட்டான். குழு அப்படியே கலைஞ்சு போச்சு. நான் கோயில்ல அடக்கப் பூசைப் பாட்டு மட்டும் பாடிக்கிட்டு இருந்தேன், போன மாசம் அதுவும் வராமப் போற வரைக்கும்.

டாக்டர் தேதி குறிச்ச அன்னைக்கு மகன் கேட்டான், "அப்பா, ஆபரேஷனுக்கு முன்னாடி ஏதாவது ஆசை இருக்கா?"ன்னு. பேரன் பேத்தியோட பேசணும்பேன், வேளாங்கண்ணி போகணும்பேன்னு நெனச்சிருப்பான். எனக்கு வாயில வந்தது, குணசீலனோட ஒரு டூயட் பாடணும். அவ்வளவுதாம்மா. இந்தக் குரல் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டூயட்.

அவன் இப்பவும் மணப்பாறையிலதான் இருக்கான்னு காதர் மகன்தான் சொன்னான். இன்னைக்குக் காலையில மணப்பாறையில எறங்கி, ஷீலா வீடு எங்கன்னு கேக்கறேன், ஒருத்தருக்கும் தெரியல. என்ன மடத்தனம் பாரு. பாட்டுக்கார ஷீலாங்கறேன், ஆம்பளைங்கறேன், என்னைய ஒரு மாதிரி பாக்கறாங்க. அப்புறம் பாத்தா மெயின் ரோட்டுலயே போர்டு, குணசீலன் சீட் ஒர்க்ஸ். மோட்டார் சைக்கிளுக்கு சீட் தச்சுக் குடுக்கறான். தலை பூரா நரை. மீசை மட்டும் அப்படியே இருக்கு.

"வாங்கண்ணே"ன்னான். நேத்துப் பிரிஞ்சவன் மாதிரி.

எனக்குத் தாங்கல. அங்கனயே அழுதுட்டேன். என் குரலக் கேட்டதும் அவன் முகம் மாறிப் போச்சு. விஷயத்தச் சொன்னேன். கடைய ஒட்டித்தான் வீடு, சம்சாரம் காப்பி கொண்டாந்துச்சு. "ஒரு பாட்டுடா, ஒரே ஒரு டூயட், அதுக்குத்தான் வந்தேன்"னேன். அந்தம்மா சிரிச்சுது. "இவரா? இவரு பாட மாட்டாரேண்ணே. மெஷின் ஓட்டறப்ப ஏதோ வாய் அசையும், மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது"ன்னுச்சு. இத்தன வருஷம் கூட இருக்கற பொம்பளைக்குத் தெரியலம்மா!

அவன் என்னையப் பாத்துட்டு, "எந்தக் குரல்ணே வேணும்?"னான்.

"என்னடா கேள்வி? ஷீலா குரல்தான்"னேன்.

 தையல் மெஷின மூடிட்டு, ஒரு பஞ்சு சீட்ட மடியில வச்சுத் தாளம் போட்டான். நாங்க எப்பவும் கடைசியாப் பாடற பாட்டு. பொம்பளக் குரல்தான் மொதல்ல வரும். எடுத்தான். குரல் கொஞ்சம் மொரட்டுத் துணியாயிருச்சு. ஆனா அதே எடம், அதே உச்சி. அந்தம்மா காப்பி டம்ளர எடுக்க வந்தது அப்படியே குத்துக்கால் போட்டு உக்காந்துருச்சு.

என் வரி வந்துச்சு. வாயத் தொறந்தேன்.

காத்துதாம்மா வந்துச்சு. அவன் கடை வாசல்ல பஞ்சராயி நின்ன வண்டி டியூப் மாதிரி வெறுங் காத்து. அவன் முகம் மாறல. தாளத்த விடாம அவன் வரிய மறுபடி பாடுனான், எனக்கு இன்னொருக்கா வழி விட்டான். மறுபடி காத்துதான். மூணாவது தடவையும் அவன் வரிய முடிச்சான். நான் வாயத் தொறக்கல. கையாலாகாமத் தலையக் குனிஞ்சுட்டேன்.

என் வரி கேக்குதும்மா.

ஆம்பளக் குரல். கீழ, நெஞ்சுக்குள்ளருந்து வருது. நிமிந்து பாக்கறேன், அவன்தான் பாடறான். அத்தன வருஷம் ஒரே மேடையில நின்னிருக்கேன், அந்தக் குரல நான் கேட்டதே இல்ல. நான் மூச்சு வாங்கற எடத்துல அவன் வாங்கல. நான் தொங்க விடற கடைசி எழுத்த அவன் பத்திரமா எறக்கி வச்சான். நான் அந்தப் பாட்ட நூறு மேடையில பாடியிருக்கேன். அது இப்படி ஒரு பாட்டுன்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. என் வரிய என்னைவிட நல்லாப் பாடறான். அவன் வரி வந்தா மேல போறான், என் வரி வந்தா கீழ வர்றான். ரெண்டு பேரும் அவனே. நான் எதிர உக்காந்து சும்மா வாய அசைச்சுக்கிட்டு இருந்தேன். அந்தம்மா முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதுச்சு.

பாட்டு முடிஞ்சுது. அவன் கையத் தொடச்சுக்கிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே, வாங்க விட்டுர்றேன்னு வண்டிய எடுத்தான். பின்னாடி உக்காந்து வந்தேன். அந்த முதுகப் பாத்துக்கிட்டே வர்றேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் குடுத்திருக்க மாட்டேனாம்மா? ரெண்டு பாட்டு என்ன, பாதிக் கச்சேரியக் குடுத்திருப்பேனே. என்னதான் வைராக்கியம் இருந்தாலும் ஒருத்தன் இப்படியா ஒரு குரலப் பூட்டி வைப்பான்?

பஸ் ஸ்டாண்டுல எறங்குனதும் அவன் கையப் பிடிச்சுக்கிட்டேன். "டேய், இத எங்கடா வச்சிருந்த? இத்தன நாளா ஏன்டா சொல்லல?"ன்னேன்.

அவன் என் சட்டைக் காலரச் சரி பண்ணி விட்டான். "பேசாதீங்கண்ணே. டாக்டர் பேசக் கூடாதுன்னு சொல்லியிருக்காருல்ல"ன்னான்.

அவ்வளவுதான் சொன்னான். ஜன்னல் பக்கமா எடம் பாத்து என்னைய உக்கார வச்சான். பஸ் கெளம்பற வரைக்கும் கீழ நின்னான். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வர்றேன்னும் சொல்லல, வர மாட்டேன்னும் சொல்லல. அப்புறம் நீ ஏறி வந்து பக்கத்துல உக்காந்த.

பஞ்சப்பூர் பஸ் ஸ்டாண்டு வரப் போவுது, எல்லாரும் எந்திரிக்கறாங்க. நீ கிடாரப் பத்திரமா எடுத்துக்க. இரும்மா, போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. நானும் ஆரம்பத்துலருந்து எல்லாத்தையும் உன்கிட்ட சொல்லிட்டேன், ஒண்ணு விடல. நீயும் பாடற புள்ள. நான் என்னைக்காவது அவனப் பாடாதேன்னு சொன்னேனா?